பயணிகள் வந்தார்கள், டாலர் தங்கவில்லை

2017-ஆம் ஆண்டில் கரீபியத் தீவு நாடான பார்படோஸுக்கு வந்து தங்கிவிட்டுப் போன பயணிகள் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர். தீவில் குடியிருப்பவர்களே மூன்று லட்சத்தைத் தொடமாட்டார்கள். அதுவரை எந்த வருடமும் அத்தனை பேர் வந்ததில்லை. அடுத்த வருடம் ஜூன் 1-ஆம் தேதி, பதவியேற்று ஒரு வாரமே ஆகியிருந்த பிரதமர் மியா மோட்லி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வெளிநாட்டுத் தனியாரிடம் வாங்கிய கடனுக்கு இப்போதைக்கு வட்டியும் கிடையாது, அசலும் கிடையாது, உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். அப்போது நாட்டின் கையிலிருந்த அந்நியச் செலாவணி சுமார் 22 கோடி டாலர். ஐந்தாறு வார இறக்குமதிக்குத்தான் அது காணும்.

வியாபாரம் உச்சத்தில் இருக்கும்போது கடை எப்படித் திவாலாகும்? சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் தீவு என்றாலே எல்லோரும் முதலில் கேட்பது ‘இந்த வருடம் எத்தனை பேர் வந்தார்கள்’ என்பதைத்தான். சுற்றுலா அமைச்சர்கள் மைக்கைப் பிடித்தால் சொல்வதும் அதைத்தான். பார்படோஸைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்த எண் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது தெரியும். வந்தவர்கள் கொண்டுவந்த டாலரில் எவ்வளவு அங்கேயே தங்கியது, தங்கியதை வைத்துக்கொண்டு அரசு எந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்ற இரண்டு கேள்விகளில்தான் அந்த நாட்டின் தலையெழுத்து இருக்கிறது.

பார்படோஸ் நமக்கு ஒன்றும் தெரியாத ஊரல்ல. 2024 ஜூன் 29 அன்று டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் ஜெயித்தது அங்குள்ள கென்சிங்டன் ஓவல் மைதானத்தில்தான். அப்புறம் பெரில் புயல் வந்து விமான நிலையத்தை மூடிவிட, கையில் கோப்பையை வைத்துக்கொண்டு ஊர் திரும்ப முடியாமல் அணி ஹோட்டலிலேயே முடங்கிக் கிடந்ததும், ஏர் இந்தியா தனி விமானம் அனுப்பிக் கூட்டிவந்ததும் பலருக்கு நினைவிருக்கும். பழைய கிரிக்கெட் ரசிகர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரலாம். 1962-இல் இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில் பந்து பட்டு விழுந்ததும் இதே ஊரில்தான். அன்று ரத்தம் கொடுக்க முன்வந்த மேற்கிந்தியத் தீவுகள் கேப்டன் ஃபிராங்க் வொரெல்லின் முகம்தான் இன்று பார்படோஸின் 5 டாலர் நோட்டில் இருக்கிறது.

அந்த நோட்டிலிருந்தே கதையைத் தொடங்கலாம். தலைநகர் பிரிட்ஜ்டவுனில் ஒரு கடைக்குப் போய் அமெரிக்க டாலரை நீட்டினால் யாரும் இன்றைய விலை என்ன என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படோஸ் டாலர். வாய்ப்பாடு மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம். மீதிச் சில்லறையை உள்ளூர்க் காசில் தருவார்கள். 1975-இல் வைத்த விகிதம் அது, அரை நூற்றாண்டாக மாறவில்லை.

பக்கத்து நாடுகளைப் பார்த்தால் இது எவ்வளவு அபூர்வம் என்று புரியும். 1969-இல் ஜமைக்கா டாலர் முதன்முதலாக வந்தபோது அது அமெரிக்க டாலரைவிட மதிப்பு கூடியதாக இருந்தது. இன்றைக்கு ஓர் அமெரிக்க டாலர் வாங்க 150 ஜமைக்கா டாலருக்கும் மேல் வேண்டும். கயானாவில் 200-ஐத் தாண்டிவிட்டது. பார்படோஸ்காரர்கள், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னால் பேஜன்கள், இந்த இரண்டு நாடுகளையும் சுட்டிக்காட்டி ‘நாங்கள் அப்படி ஆகமாட்டோம்’ என்பார்கள். ‘ஒன்றுக்கு இரண்டு’ என்பது அங்கே பொருளாதாரக் கொள்கை என்பதைவிட மான அவமானப் பிரச்சினை. கட்சி எதுவானாலும் அதில் கைவைக்கத் துணிந்த பிரதமர் இதுவரை இல்லை.

ஆனால் அந்த விகிதத்தை அறிவித்துவிட்டால் மட்டும் போதாது. யார் இரண்டு பார்படோஸ் டாலரைக் கொண்டுவந்தாலும் அவருக்கு ஓர் அமெரிக்க டாலரை எடுத்துக் கொடுக்க மத்திய வங்கியிடம் கையிருப்பு வேண்டும். தீவின் நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர். அங்கே கோதுமை விளையாது, கார் தயாராகாது, உள்ளூரில் கிடைக்கும் கொஞ்சம் கச்சா எண்ணெய் எந்த மூலைக்கும் காணாது. சட்டை, மருந்து, சிமென்ட் மூட்டை வாங்கவரும் ஆள் கொடுப்பது உள்ளூர்க் காசு. அந்தப் பொருளையோ அதன் மூலப்பொருளையோ கப்பலில் வரவழைத்தவர் கொடுத்தது அமெரிக்க டாலர். ஆகவே அந்நாட்டின் பொருளாதார அறிக்கை எதைத் திறந்தாலும், வளர்ச்சி விகிதத்தோடு சேர்த்து ‘எத்தனை வார இறக்குமதிக்குக் கையிருப்பு உள்ளது’ என்ற வரியும் இருக்கும். 12 வாரம் என்பது அபாயக் கோடு.

முன்பெல்லாம் டாலரும் பவுண்டும் கொண்டுவந்தது கரும்பு. 1627-இல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். 1640-களில் கரும்பு வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் உழைப்பில் அந்தச் சின்னத் தீவு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பணப்பெட்டியாகவே இருந்தது. 1966-இல் விடுதலை. மறுவருடம் தீவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை உற்பத்தி செய்தது. அதுவே உச்சம், அதன் பிறகு இறங்குமுகம்தான். இன்று ஓடுவது போர்ட்வேல் என்ற ஒரே ஒரு ஆலை. கரும்பு அறுவடை முடிந்ததைக் கொண்டாடிய ‘கிராப் ஓவர்’ திருவிழா மட்டும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டில் கோலாகலமாக நடக்கிறது. அறுவடை சுருங்கிப்போன பிறகும் அறுவடைத் திருவிழா பெருத்துக்கொண்டே போவதற்குக் காரணம், அதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

சுற்றுலா புதிதாக முளைத்ததல்ல. 1751-இல் காசநோய் கண்ட அண்ணனுக்கு நல்ல காற்று வேண்டும் என்று கூடவே வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்காவின் முதல் அதிபரான அவர் வாழ்நாளில் போன ஒரே வெளிநாடு பார்படோஸ்தான். நவீனச் சுற்றுலாவின் பிள்ளையார் சுழி என்று 1961-இல் மேற்குக் கரையில் திறந்த சாண்டி லேன் ஹோட்டலைச் சொல்லலாம். பின்னாளில் பணக்காரப் பிரிட்டிஷ்காரர்கள் குளிர்காலச் சனிக்கிழமைகளில் கான்கார்ட் விமானத்தில் வந்து இறங்கினார்கள். ஓய்வு பெற்ற கான்கார்ட் ஒன்று இன்றும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேற்குக் கரைக்குப் பெயரே ‘பிளாட்டினம் கரை’. கரையோரச் சாலையில் போனால் கடல் பத்தடி தூரத்தில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஹோட்டலும் வில்லாவும் அவற்றின் மதில்களும் மறைத்து நிற்கும். கடற்கரை பொதுமக்களுக்கு உரியது என்பது அங்கே கறாரான கொள்கை. மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே விட்டிருக்கும் ஒற்றையடிப் பாதைகளின் வழியாகத்தான் அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டும்.

சரி, ஒரு லண்டன் தம்பதி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி மாதம், பத்து நாள் பேக்கேஜ். பணத்தை லண்டனிலேயே கட்டிவிட்டார்கள். விமானம் பிரிட்டிஷ் நிறுவனத்துடையது. பேக்கேஜ் விற்ற ஏஜென்சியும் அங்கேதான், அதன் கமிஷனும் அங்கேயே நின்றுவிடும். ஹோட்டல் வெளிநாட்டுக் குழுமத்தினுடையது என்றால் லாபமும் வெளியே போகும். காலை உணவுக்கு வரும் ஜூஸும் சீஸும் பன்றி இறைச்சியும் பெரும்பாலும் கன்டெய்னரில் வந்தவை. அறையில் ஏசி ஓடுகிறது. மின்சாரம் பெரும்பகுதி இறக்குமதி எண்ணெயில் எடுத்தது, விநியோகிக்கும் நிறுவனம் கனடாவின் எமெரா குழுமத்துக்குச் சொந்தம். கார்டு தேய்க்கும் வங்கியும் அநேகமாகக் கனடா வங்கி.

சாயங்காலம் ஒரு ரம். மவுண்ட் கே, 1703-ஆம் ஆண்டுப் பத்திரத்தை ஆதாரமாகக் காட்டும் பழம்பெரும் ரம். நிறுவனம் இன்று பிரான்சின் ரெமி குவாந்த்ரோவிடம் இருக்கிறது. ரம் வேண்டாம், உள்ளூர் பீர் ஒன்று எடுப்போம் என்றால் பேங்க்ஸ் பீர் வரும். பேஜன் என்றாலே கையில் பேங்க்ஸ் என்னும் அளவுக்கு ஒட்டிப்போன பெயர். அந்தக் கம்பெனியை வாங்க டிரினிடாட் குழுமம் ஒன்றும் பிரேசிலின் ஆம்பெவ் குழுமமும் 2015-இல் போட்டி போட்டு விலையை ஏற்றின. ஜெயித்தது ஆம்பெவ் தரப்பு.

இப்படிப் பார்த்தால் எதுவுமே மிஞ்சாது என்று தோன்றும். அப்படியும் இல்லை. அறை துடைப்பவர், சமையல்காரர், தோட்டக்காரர், வரவேற்பறையில் நிற்பவர் எல்லோருக்கும் சம்பளம் தீவிலேயே இறங்குகிறது. மதிப்புக் கூட்டு வரி, அறை வரி, சமூகக் காப்பீட்டுத் தொகை எல்லாம் அரசுக்கு வருகின்றன. மவுண்ட் கேயின் லாபம் பாரிஸுக்குப் போனாலும் அதைக் காய்ச்சுபவர்கள் உள்ளூர்க்காரர்களே. மிச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை ராத்திரி தெற்குக் கரையில் ஆயிஸ்டின்ஸ் மீன் சந்தைக்குப் போக வேண்டும். இசட்-ஆர் என்று நம்பர் பிளேட் எழுத்தாலேயே அழைக்கப்படும் தனியார் வேனில் ஏறி மூன்றரை பார்படோஸ் டாலர் கொடுத்தால் போய்விடலாம். காதைக் கிழிக்கும் பாட்டு, வரிசையாகப் புகையும் அடுப்புகள், கூட வைக்க மக்ரோனி பை. அதே லண்டன் தம்பதி அங்கே மீன் வறுப்பவரிடம் கொடுக்கும் 20 டாலர், ரிசார்ட்டில் செலவழிக்கும் 20 டாலரைவிட ரொம்ப நாள் தீவில் சுற்றும். மீன் படகிலிருந்து வந்தது, படகுக்காரர் அண்டை வீட்டுக்காரர், அவர் பிள்ளைக்கு டியூஷன் எடுப்பவர் இன்னொரு தெரு.

அதனால்தான் ‘எல்லாம் அடக்கம்’ வகை ரிசார்ட்டுகளைப் பற்றி அங்கே ஓயாத சண்டை. சாப்பாடு, குடி, கேளிக்கை எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டியவர் மதிலைத் தாண்டி ஏன் வரப்போகிறார்? 2013-இல் சாண்டல்ஸ் குழுமத்துக்கு அரசு 40 ஆண்டுகளுக்கு வரிச் சலுகையும் இறக்குமதித் தீர்வைச் சலுகையும் கொடுத்தது. அவ்வளவுதான், உள்ளூர் ஹோட்டல்காரர்கள் எங்களுக்கும் அதுவே வேண்டும் என்று நின்றார்கள். அரசின் நிலைமையும் பரிதாபம்தான். சலுகை தர மறுத்தால் செயின்ட் லூசியா தரும், ஆன்டிகுவா தரும். எல்லாத் தீவிலும் அதே கடல், அதே மணல். பேரம் பேசும் பலம் வருபவரிடம்தான்.

பலம் யாரிடம் என்பதற்கு இன்னொரு உதாரணம் பிரிட்டனின் விமானப் பயணி வரி. தூரத்தைப் பொறுத்து வரி, தூரத்தை அளப்பது லண்டனிலிருந்து அந்த நாட்டின் தலைநகர் வரை. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வாஷிங்டன் கிட்டே இருப்பதால், பார்படோஸைவிடத் தொலைவில் உள்ள லாஸ் ஏஞ்சலஸ் போகிறவருக்கும் குறைந்த வரி, பார்படோஸ் போகிறவருக்குக் கூடுதல் வரி என்று ஆனது. கரீபியத் தீவுகள் எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் முறையிட்டு, 2015-இல்தான் அது சீரானது. தீவுக்கு வருபவர்களில் பல ஆண்டுகளாகப் பிரிட்டிஷ்காரர்களே முதலிடத்தில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஹோட்டலுக்கு வருபவர்களும் அல்ல. 1956 முதல் லண்டன் பேருந்து நிர்வாகம் பார்படோஸுக்கே வந்து ஆள் எடுத்தது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வரும்போது அவர்களும் கணக்கில் ‘தங்கும் பயணி’கள்தான். பாட்டி வீட்டில் தங்குபவருக்கு அறை வாடகை கிடையாது. ஆறரை லட்சம் என்ற எண்ணுக்குள் இப்படிப் பல தினுசு உண்டு.

இனி திவாலான கதை. 2008-இல் வந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் பேர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வங்கிகள் கவிழ்ந்த பிறகு எண்ணிக்கை சரியத் தொடங்கி 2013-இல் 5 லட்சத்துச் சொச்சத்துக்கு வந்தது. மேற்குக் கரையில் எழும்பிக்கொண்டிருந்த ஃபோர் சீசன்ஸ் சொகுசு ஹோட்டல் திட்டம் 2009-இல் பாதியில் நின்றது, அரைகுறைக் கட்டடங்கள் வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்தன. வருமானம் குறைந்த அரசு செலவைக் குறைக்கவில்லை. பள்ளி, மருத்துவமனை, பல்கலைக்கழகம் எல்லாம் இலவசம் என்பது விடுதலை காலத்துப் பிரதமர் எரோல் பாரோவின் காலத்திலிருந்து வந்த பெருமை. அதைத் தொட யாருக்கும் மனம் வராது. தொட்டபோது மிகவும் தாமதமாகத் தொட்டார்கள். 2013 டிசம்பரில் 3,000 அரசு ஊழியர்களைக் குறைப்பதாக அறிவிப்பு, 2014-இல் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டணம்.

பள்ளத்தை எதை வைத்து நிரப்பினார்கள்? இங்கேதான் முடிச்சு. மத்திய வங்கி அரசின் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்தது. அதாவது புதிய பார்படோஸ் டாலரை உண்டாக்கி அரசிடம் கொடுத்தது. அந்தக் காசு சம்பளமாக ஒருவர் கைக்குப் போகிறது. அவர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார். அலமாரியில் இருப்பதில் முக்கால்வாசி கப்பலில் வந்த சரக்கு. கடைக்காரர் அடுத்த கன்டெய்னருக்கு வங்கியில் போய் அமெரிக்க டாலர் கேட்கிறார், ஒன்றுக்கு இரண்டு என்ற விலையில். கொடுத்துத்தான் ஆக வேண்டும். இப்படி அச்சடித்த ஒவ்வொரு டாலரும் கொஞ்ச நாளில் கையிருப்பின் வாசலில் வந்து நின்றது. ஒரு பக்கம் பயணிகள் வாளி வாளியாக ஊற்றினார்கள், அடியில் ஓட்டை அதைவிடப் பெரிதாகிக்கொண்டே போனது. 2014-க்குப் பிறகு பயணிகள் எண்ணிக்கை ஏறி 2017-இல் சாதனை படைத்தும் கையிருப்பு ஏன் இறங்கியது என்பதற்கு விடை இதுதான். சுற்றுலா தோற்கவில்லை. சுற்றுலா சம்பாதித்ததைவிட வேகமாக அரசு செலவழித்தது, அந்தச் செலவும் அந்நியச் சரக்காகவே மாறியது.

நாணயத்தின் மதிப்பைக் குறைத்திருந்தால்? சந்தையே விலை வைக்கும் மிதக்கும் நாணயம் உள்ள நாடாக இருந்தால் அதுவே நடந்திருக்கும், இறக்குமதி விலை ஏறி மக்கள் கையைச் சுருக்கியிருப்பார்கள். பார்படோஸில் 1991-இலும் இதே நெருக்கடி வந்தது. கையிருப்பு காலி, சர்வதேச நிதியமான ஐஎம்எஃப் வாசலில் நின்றார்கள். மதிப்பைக் குறைப்பதற்குப் பதிலாக அன்றைய பிரதமர் எர்ஸ்கின் சாண்டிஃபோர்ட் அரசு ஊழியர் சம்பளத்தில் 8 சதவீதத்தை வெட்டினார். ஆயிரக்கணக்கானோர் வேலை போனது. தெருவில் ஊர்வலம், நீதிமன்றத்தில் வழக்கு. கடைசியில் 1993-இல் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சம்பள உயர்வை நிறுத்திவைக்க ஒப்பந்தம் போட்டார்கள். நாணயம் தப்பித்தது. சாண்டிஃபோர்ட் தப்பவில்லை, 1994-இல் நாடாளுமன்றத்தில் நம்பிக்கையை இழந்தார். என் கணக்கில் அவர் செய்தது தப்பல்ல. எண்ணெய், மாவு, துணி எல்லாம் வெளியிலிருந்து வரும் தீவில் மதிப்பைக் குறைத்தால் ஹோட்டலுக்குக் குறையும் ஒரே செலவு ஊழியரின் சம்பளம்தான். மற்றதெல்லாம் டாலரில் அதே விலை. சுற்றி வளைத்து அதுவும் ஒரு சம்பள வெட்டுத்தான். ஆனால் 8 சதவீதம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் வெட்டு யாருக்கும் மறக்காது.

2010-களில் ஆண்டவர்களுக்கு அந்தத் தைரியம் இல்லை. 2016-இல் ‘தேசிய சமூகப் பொறுப்பு வரி’ என்று 2 சதவீதம் போட்டு, மறுவருடம் அதையே 10 ஆக்கினார்கள். அந்நியச் செலாவணி வாங்கினால் 2 சதவீதக் கட்டணம். மத்திய வங்கி ஆளுநருக்கும் நிதியமைச்சருக்கும் முட்டிக்கொண்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2017 பிப்ரவரியில் ஆளுநர் நீக்கப்பட்டார்.

பணமில்லாத அரசு எதில் முதலில் கைவிடும்? கண்ணுக்குத் தெரியாததில். தெற்குக் கரையின் பாதாளச் சாக்கடை 2016 வாக்கில் அடைத்துக்கொண்டு சாலையில் பொங்கத் தொடங்கியது. ஹேஸ்டிங்ஸ், வொர்திங் பகுதிகள்தான் நடுத்தரப் பயணிகள் நடமாடும் இடம். சாப்பாட்டுக் கடை வாசலில் கழிவு நீர், மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப்போகும் விருந்தாளிகள். 2018 ஜனவரியில், சீசன் உச்சத்தில், வெளிநாட்டு அரசுகள் தங்கள் குடிமக்களுக்கு இதைக் குறிப்பிட்டே பயண எச்சரிக்கை விடுத்தன. கடற்கரையை விற்றுப் பிழைக்கும் நாட்டுக்கு இதைவிடக் கேடு இல்லை. அந்த மே மாதத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. முப்பதுக்கு முப்பதும் மோட்லியின் கட்சிக்கு.

அப்போது அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தது. மோட்லி ஐஎம்எஃப்பிடம் 29 கோடி டாலர் வாங்கினார், கடனை மறுசீரமைத்தார். முதலில் அடிபட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான், ஏனென்றால் கடனில் பெரும்பகுதி உள்ளூர் வங்கிகளிடமும் மத்திய வங்கியிடமும் மக்களின் ஓய்வூதியம் இருக்கும் தேசியக் காப்பீட்டு நிதியிடமும் வாங்கியது. வெளிநாட்டார் 2019 டிசம்பரில் அசலில் சுமார் கால் பங்கை விட்டுக்கொடுத்துப் புதிய பத்திரங்களை ஏற்றார்கள். அந்தப் பத்திரங்களில் ஒரு விசேஷம். பெரும் புயல் அடித்தால் இரண்டு ஆண்டுகளுக்குத் தவணை கட்டாமல் நிறுத்திவைக்கலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது. பேருந்துக் கட்டணம் இரண்டிலிருந்து மூன்றரை டாலரானதும் அப்போதுதான். கரீபியப் பகுதியைத் தாண்டிப் பறக்கும் ஒவ்வொரு விமானப் பயணியிடமும் 70 அமெரிக்க டாலர் வசூலிக்கத் தொடங்கினார்கள், டிக்கெட்டோடு சேர்த்து. அதனால் கூட்டம் குறைந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள், குறையவில்லை. ‘ஒன்றுக்கு இரண்டு’ தப்பியது.

மூச்சு விடுவதற்குள் கொரோனா. 2020 ஏப்ரலிலிருந்து சில மாதங்களுக்கு வந்தவர்கள் பூஜ்யம் என்றே சொல்லலாம். அந்த ஆண்டு உற்பத்தி இரட்டை இலக்கச் சதவீதத்தில் விழுந்தது. கடலில் மட்டும் கூட்டம். போக்கிடமில்லாத சொகுசுக் கப்பல்கள் பயணிகளே இல்லாமல் கரைக்கு எதிரே நங்கூரமிட்டு வரிசையாக நின்றன. ஜூலையில் அரசு ‘வெல்கம் ஸ்டாம்ப்’ என்று ஒரு விசாவைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பாதிப்பவர் லேப்டாப்போடு வந்து ஒரு வருடம் இருக்கலாம், கட்டணம் 2,000 டாலர், குடும்பமாக வந்தால் 3,000. பத்து நாள் தங்கிப் போகிறவரைவிட இவர் லாபம். வீட்டு வாடகை தருவார், காய்கறி வாங்குவார், முடி வெட்டிக்கொள்வார். எண்ணிக்கையில் இது ஒன்றும் பெரிய கூட்டமல்ல, ஆனால் தலையை எண்ணுவதை விட்டுத் தங்கும் காசை எண்ணத் தொடங்கியதற்கு அடையாளம். பிற்பாடு எத்தனையோ நாடுகள் இதைக் காப்பியடித்தன.

இன்றைய கணக்கு பார்க்க நன்றாகவே இருக்கிறது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் வளர்ச்சி 4 சதவீதத்தை ஒட்டி. 2024-இல் தங்கிப்போனவர்கள் சுமார் ஏழு லட்சம். அந்த ஆண்டு முடிவில் கையிருப்பு சுமார் 160 கோடி டாலர், 30 வார இறக்குமதிக்குக் காணும். கடன் உற்பத்தியின் அளவுக்குச் சற்று மேலே வரை இறங்கிவிட்டது. ஆனால் அந்தக் கையிருப்பில் ஒரு பங்கு ஐஎம்எஃப், வளர்ச்சி வங்கிகள் கொடுத்த கடன். சுற்றுலா சம்பாதித்துச் சேர்த்ததல்ல. இன்னொரு வருமான வழியான வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கான குறைந்த வரியும், பெரிய கம்பெனிகள் எந்த நாட்டிலும் ஒரு குறைந்த அளவாவது கட்ட வேண்டும் என்ற உலகளாவிய குறைந்தபட்ச வரி வந்த பிறகு பழைய கவர்ச்சியை இழந்துவிட்டது. 2024 முதல் நிறுவன வரியை 9 சதவீதமாக ஏற்ற வேண்டியதாயிற்று.

கடலும் முன்போல இல்லை. 2011-லிருந்து சர்காசம் என்ற கடற்பாசி அலை அலையாக வந்து கிழக்கு, தெற்குக் கரைகளில் குவிந்து அழுகுகிறது. கரையில் நாற்றம், அள்ளுவதற்குச் செலவு. தீவின் தேசிய உணவுக்கு வேண்டிய மீன் நம் நாகை, காரைக்கால் பக்கம் பறவைக்கோலா என்கிறார்களே, அந்தப் பறக்கும் மீன் இனம். அவர்களுடைய ஒரு டாலர் நாணயத்திலும் அது பறக்கிறது. வலையில்தான் முன்போல் விழுவதில்லை. பெரில் புயல் தெற்கே தள்ளிப் போனதால் ஹோட்டல்கள் தப்பின. பிரிட்ஜ்டவுன் மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நொறுங்கின. உடைந்தவை, மூழ்கியவை எல்லாம் சேர்த்து இருநூறு அளவில். அதாவது ஆயிஸ்டின்ஸ் அடுப்புக்கு மீன் கொண்டுவரும் படகுகள். பயணியின் 20 டாலர் தீவுக்குள் சுற்றுவது எந்தக் கண்ணியில் தொடங்குகிறதோ, அந்தக் கண்ணி. பார்படோஸின் சேதம் பத்திரத்தில் எழுதிய அளவுக்கு வராததால் தவணை நிறுத்தும் வசதி அங்கே பயன்படவில்லை. நேரடியாக அடிவாங்கிய கிரெனடா தன் பத்திரத்தில் இருந்த அதே மாதிரி ஷரத்தைப் பயன்படுத்திக்கொண்டது.

மோட்லி உலக மேடைகளில் பேசுவது இந்த இடத்திலிருந்துதான். தலைக்கு ஆண்டு வருமானம் 25,000 டாலர் அளவில் இருப்பதால் உலக வங்கிக் கணக்கில் பார்படோஸ் பணக்கார நாடு. சலுகை வட்டிக் கடன் கேட்டால் தகுதியில்லை. ஒரே ராத்திரியில் ஒரு புயல் அந்தப் பணக்காரத்தனத்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதைத்தான் 2022-இல் ‘பிரிட்ஜ்டவுன் முன்முயற்சி’ என்ற பெயரில் அவர் சொல்லத் தொடங்கினார். பேச்சு பிரமாதம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தப் பேச்சைவிட, 2024 டிசம்பரில் சத்தமில்லாமல் நடந்த ஒரு காரியம் முக்கியமாகத் தெரிகிறது. இரண்டு வளர்ச்சி வங்கிகள் ஜாமீன் நிற்க, அதிக வட்டிக்கு வாங்கிய பழைய கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றிக்கொண்டார்கள். அதில் மிச்சமாவது சுமார் 12.5 கோடி டாலர். மிச்சத்தை எங்கே போடுகிறார்கள் என்று பார்த்தால், தெற்குக் கரைக் கழிவுநீர் நிலையத்தில். 2018 ஜனவரியில் சாலையில் பொங்கிய அதே தண்ணீரைச் சுத்திகரித்து வயலுக்குப் பாய்ச்சவும், வறண்டுவரும் சுண்ணாம்புப் பாறை நிலத்தடியில் இறக்கவும் திட்டம்.